அடையாறு வட்டத்தின் காதல்கள்

(காட்டுப்பள்ளியில், பழவேற்காடு ஏரிக் குப்பங்களைச் சேர்ந்த இளைஞர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் எதைப் பேசலாம் என்று கேட்டபோது, உங்கள் குப்பத்து இளைஞர்கள் சொன்ன விஷயம் எனக்கு வியப்பாக இருந்தது. ஏரியைப் பற்றியோ துறைமுகத்தைப் பற்றியோ பேசச் சொல்வார்கள் என்று எண்ணியிருந்தேன். அவற்றை நாங்களே பேசிக்கொள்கிறோம் என்றார்கள். பொன்னேரியில் கல்லூரி படித்து, சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கே நண்பர்கள் கூட்டத்தில் பழகுகிறவர்கள் இவர்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒருவரை ஒருவர் விரும்புவதும், விரும்பியவர் இன்னொருவரோடு போவதும், சேர்ந்து வாழ்வதும், பிரிந்த பிறகும் ஒரே வீட்டில் இருப்பதும் இவர்களுக்குப் புதிதாக இருக்கிறது. "இவ்வளவு படித்தவர்களுக்கு இதில் மட்டும் ஏன் இத்தனை சிக்கல்? இதைப் பேசுங்கள்" என்றார்கள்.

பேசுகிறேன். ஆனால் இன்று உயிரோடு இருக்கும் யாருடைய சொந்த வாழ்க்கையையும் மேடைக்குக் கொண்டுவர எனக்கு மனமில்லை. ஆகவே நூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நட்பு வட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதில் இருந்தவர்களே தங்கள் கதையைப் புத்தகமாக எழுதிவிட்டார்கள். அந்தக் கதை தொடங்கியதும் இதே கடற்கரையில்தான். இங்கிருந்து தெற்கே முப்பது நாற்பது கிலோமீட்டர் போனால், அடையாறு கடலில் கலக்கும் இடத்தில் பிரம்மஞான சபையின் பெரிய தோட்டம் இருக்கிறது. 1909-ஆம் ஆண்டு, அந்தத் தோட்டத்தை ஒட்டிய மணலில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்களை லெட்பீட்டர் என்ற வெள்ளைக்காரர் பார்த்தார். மூத்தவன் ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி, மதனப்பள்ளியில் பிறந்தவன். இளையவன் நித்யானந்தா, நித்யா என்று கூப்பிடுவார்கள். தாய் 1905-லேயே இறந்துவிட்டார். தகப்பனார் நாராயணையா அரசு வேலையில் ஓய்வு பெற்று, அந்த ஆண்டுதான் பிள்ளைகளோடு சபைக்கு வந்திருந்தார்.

உலகத்துக்கு வரவிருக்கும் குரு மூத்தவனுடைய உடலில்தான் வந்து பேசுவார் என்று லெட்பீட்டர் சொன்னார். சபைத் தலைவி அன்னி பெசன்ட் அதை நம்பினார். 1911-இல் அதற்காகவே ஒரு சங்கம் அமைந்தது. தகப்பனார் பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தவர், 1914-இல் லண்டன் பிரிவி கவுன்சிலில் தோற்றார். பிள்ளைகள் அதற்குள் இங்கிலாந்து போய்விட்டார்கள்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், காதல் என்பது இன்னதென்று தெரியாத வயதிலேயே அந்தப் பையனுக்கு ஒரு வேடம் கட்டப்பட்டது. அவன் புனிதன். அவன் யாரையும் தனக்கென்று விரும்பக் கூடாது. சபையில் ஆன்மிக வளர்ச்சிக்குப் படிகள் இருந்தன. யார் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை லெட்பீட்டர் போன்றவர்கள் அறிவித்தார்கள். ஆசை வந்தால் படி இறங்கும். இப்படி வளர்கிற பையன் ஒரு பெண்ணை விரும்பினால் யாரிடம் போய்ச் சொல்வான்?

இனி அந்த வட்டத்துக்குள் வருவோம். நான் சொல்லும் பெயர்களை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் அதிகமாகத்தான் இருக்கும்.

லண்டனில் அந்தச் சகோதரர்களுக்குத் தாயைப்போல அமைந்தவர் எமிலி லட்யென்ஸ். இந்தியாவின் வைஸ்ராயாக இருந்த லிட்டன் பிரபுவின் மகள். புதுடெல்லியைக் கட்டிய எட்வின் லட்யென்ஸின் மனைவி, ஐந்து பிள்ளைகளுக்குத் தாய். எமிலியின் நேரமும் மனமும் கிருஷ்ணமூர்த்தியின் பக்கம் சாய்ந்தன. கணவருக்கும் அவருக்கும் நடுவே பல ஆண்டுகள் விரிசல் விழுந்தது. இதைப் பின்னாளில் தம் தன்வரலாற்றில் எமிலியே எழுதினார், 1957-இல் அது வெளிவந்தது. அவருடைய கடைசி மகள் மேரி. சிறுமியாக இருந்தபோதே மேரி நித்யாவை விரும்பினார். அதை அவரும் ஒளிக்காமல் 1959-இல் ஒரு புத்தகமாக எழுதினார். தாய் மூத்தவனுக்குத் தாயாக இருக்கிறார், மகள் இளையவனைக் காதலிக்கிறார், இருவரும் ஒரே கப்பலில் இந்தியாவுக்குப் பயணம் போகிறார்கள்.

1921-இல் ஹாலந்தில் கிருஷ்ணமூர்த்தி ஹெலன் நோத் என்ற அமெரிக்கப் பெண்ணைச் சந்தித்தார். வயலின் படிக்க வந்த பெண். கிருஷ்ணமூர்த்திக்கு வந்தது காதல்தான், அந்த நாளைய கடிதங்களில் அது மறையாமல் இருக்கிறது. ஆனால் குருவாகப் போகிறவருக்குக் காதல் ஆகாது. ஹெலனும் ஆன்மிகப் படிகளில் ஏற வேண்டியவளாக ஆக்கப்பட்டாள். அது திருமணத்துக்குப் போகவில்லை. ஹெலன் பின்னாளில் ஸ்காட் நியரிங்கோடு சேர்ந்து கிராமத்தில் மண்ணில் உழைத்து வாழ்ந்தார், அந்த வாழ்க்கையைப் பற்றி அவர்கள் எழுதிய புத்தகம் உலகப் புகழ் பெற்றது. அந்த வட்டத்தை விட்டு நல்லபடியாக வெளியேறியவர் என்று நான் அவரைத்தான் சொல்வேன்.

அடுத்த ஆண்டு, 1922. நித்யாவுக்குக் காசநோய். உடம்பு தேறுவதற்காகச் சகோதரர்கள் கலிஃபோர்னியாவில் ஓஹாய் என்ற பள்ளத்தாக்கில் தங்கினார்கள். நித்யாவைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் வந்தாள். ரோசலிண்ட் வில்லியம்ஸ், பத்தொன்பது வயது. நோயாளிக்கும் அவளுக்கும் இடையே அன்பு வளர்ந்தது. லண்டனில் மேரி நித்யாவை நினைத்துக்கொண்டிருக்க, ஓஹாயில் ரோசலிண்ட் அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். 1925 நவம்பரில் நித்யா இறந்தார். அண்ணன் அப்போது இந்தியாவுக்குப் போகும் கப்பலில் இருந்தார். தம்பியை, சபை வழிகாட்டிகளாக நம்பிய மகாத்மாக்கள் காப்பாற்றுவார்கள் என்று அவருக்குச் சொல்லப்பட்டிருந்தது. செய்தி வந்தபோது அந்த நம்பிக்கையும் சேர்ந்து செத்தது என்று அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நித்யாவின் இடத்தில் வேலைகளைக் கவனிக்க வந்தவர் ராஜகோபால். நம் மாகாணத்துப் பிராமணக் குடும்பத்துப் பிள்ளை, 1900-இல் பிறந்தவர். அவரையும் சிறுவயதில் லெட்பீட்டர்தான் தேர்ந்தெடுத்தார். கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சட்டம் படித்தவர். கணக்கு, அச்சு, நிர்வாகம் எல்லாம் அவர் கையில். கிருஷ்ணமூர்த்தி பேசுவார், அந்தப் பேச்சைத் திருத்தி நூலாக்குகிறவர் ராஜகோபால். உலகம் படித்த பல கிருஷ்ணமூர்த்தி நூல்கள் அவர் மேசையிலிருந்துதான் போயின. 1927-இல் ராஜகோபாலும் ரோசலிண்டும் திருமணம் செய்துகொண்டார்கள். ஓஹாயில் ஆர்ய விஹாரா என்ற வீட்டில் கிருஷ்ணமூர்த்தியோடு சேர்ந்து மூவரும் ஒரு குடும்பம் போல இருந்தார்கள்.

1929 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, ஹாலந்தில் ஓமென் என்ற இடத்தில், ஆயிரக்கணக்கான பேர் முன்னால் கிருஷ்ணமூர்த்தி தாம் தலைவராக இருந்த அந்தச் சங்கத்தைக் கலைத்தார். தமக்குச் சீடர் வேண்டாம், தாம் யாருக்கும் குரு இல்லை என்றார். சங்கத்துக்கென்று வந்த நிலத்தையும் கோட்டையையும் கொடுத்தவர்களுக்கே திருப்பிக் கொடுத்தார். மனித வரலாற்றில் இப்படித் தம் பீடத்தைத் தாமே உதறியவர் வெகு சிலர். அந்தச் செயலை நான் இன்றும் வணங்குகிறேன். இனி நான் சொல்லப்போவதை, அந்த வணக்கத்தைக் கைவிடாமல்தான் சொல்கிறேன்.

1931-இல் ராஜகோபால் தம்பதிக்கு ராதா என்ற மகள் பிறந்தாள். அதற்குப் பிறகு கணவன் மனைவி உறவு விலகிவிட்டது, ராஜகோபால் பெரும்பாலும் ஹாலிவுட்டில் வேலையோடு இருந்தார் என்று அந்த மகளே எழுதுகிறார். அடுத்த ஆண்டு முதல் கிருஷ்ணமூர்த்தியும் ரோசலிண்டும் காதலர்கள். அது கால் நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. போர்க்காலத்தில் கிருஷ்ணமூர்த்தி ஓஹாயை விட்டு நகரவில்லை. தோட்ட வேலை செய்தார், பசு கறந்தார், ராதாவை மடியில் வைத்து வளர்த்தார். நாவலாசிரியர் ஆல்டஸ் ஹக்ஸ்லி அவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் நண்பர். 1946-இல் அவரோடு சேர்ந்து ரோசலிண்ட் ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார். வெளியிலிருந்து பார்த்தால் அழகான வீடு. உள்ளே ஒரு கணவர், ஒரு மனைவி, இருவருக்கும் நண்பர், ஒரு குழந்தை. கணவருக்குப் பல ஆண்டுகள் தெரியாது. உலகத்துக்கு அதைவிட வெகு காலம் தெரியாது. கருவுற்றதையும் அது கலைந்ததையும் ரோசலிண்ட் யாரிடமும் சொல்ல முடியாமல் அனுபவித்தார் என்று மகளின் புத்தகம் சொல்கிறது.

இப்போது நீங்கள் என்னிடம் கேட்க நினைப்பது எனக்குப் புரிகிறது. வயது வந்த இருவர் விரும்பினார்கள், அதில் தப்பென்ன? தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. மனைவி கணவரை விட்டு மனதளவில் விலகியிருந்தார், நண்பர் தனிமையில் இருந்தார். மனிதர்களுக்கு இது நடக்கும். சட்டமும் இன்று அங்கேதான் நிற்கிறது. நம் ஊரில் 2005-இல் நடிகை குஷ்பு திருமணத்துக்கு முந்தைய உறவைப் பற்றிச் சொன்ன கருத்துக்காகத் தமிழ்நாட்டு நீதிமன்றங்களில் வழக்கு மேல் வழக்காகப் போட்டார்கள். 2010-இல் உச்ச நீதிமன்றம் எல்லாவற்றையும் தள்ளுபடி செய்தது. வயது வந்த இருவர் சம்மதத்தோடு சேர்ந்து வாழ்வது குற்றம் இல்லை என்றது. 2018 செப்டம்பரில், அடுத்தவர் மனைவியோடு உறவு கொள்வதைக் கிரிமினல் குற்றமாக வைத்திருந்த, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவையும் உச்ச நீதிமன்றம் நீக்கியது. போலீசும் நீதிமன்றமும் இந்த அறையை விட்டு வெளியே போய்விட்டன. அறைக்குள் மிச்சம் இருப்பவர்கள் நண்பர்கள். ஒருவருக்கொருவர் என்ன கடன்பட்டிருக்கிறார்கள் என்பது மட்டும்தான் இனிக் கேள்வி.

என் கருத்து இதுதான். அந்த வீட்டைக் கெடுத்தது காதல் இல்லை. சொல்லாமல் இருந்தது கெடுத்தது. அந்த வட்டத்தில் எல்லாருக்கும் எழுதத் தெரியும், பேசத் தெரியும். கிருஷ்ணமூர்த்தி எமிலிக்கு எழுதிய கடிதங்கள் கட்டுக்கட்டாக உண்டு. உறவு என்னும் கண்ணாடியில்தான் மனிதன் தன்னைப் பார்க்கிறான் என்று ஊர் ஊராகப் போய்ப் பேசியவர் அவர். அவர் தம் நண்பரின் முன்னால் உட்கார்ந்து, "உன் மனைவியும் நானும் இப்படி இருக்கிறோம்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்லவில்லை. ராஜகோபால் இரவெல்லாம் விழித்திருந்து அவருடைய பேச்சை நூலாக்கிக்கொண்டிருந்தார். எனக்கு இதில்தான் நெஞ்சு வலிக்கிறது. நண்பனின் உழைப்பை வாங்கிக்கொண்டு, அவனுக்குத் தெரிய வேண்டிய உண்மையை மட்டும் அவனுக்குக் கொடுக்காமல் இருப்பது பெரிய அநியாயம்.

உங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை இருக்கிறது. அதை விளக்க இங்கே என்னைவிடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். எந்த நாள் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊர் கூடி, சீட்டுப் போட்டு, எல்லார் கண் முன்னாலும் முடிவாகிறது. இறால் நிறைய வரும் இடமும் வராத இடமும் சீட்டில் பெயர் உள்ள எல்லாருக்கும் மாறி மாறி வரும். சண்டை வராமல் இல்லை, வந்தால் பஞ்சாயத்தில் பேசித் தீர்க்கிறீர்கள். பெண்களுக்கு அந்தச் சீட்டில் இடம் இல்லை என்ற குறை இருக்கிறது, கையால் இறால் தடவும் பெண்கள் அதை எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குறையோடுகூட, யாருக்கு என்ன என்பது அங்கே வெளிப்படையாக இருக்கிறது. ஆர்ய விஹாராவில் யாருக்கு என்ன என்பது மூன்று பேரில் இருவருக்கு மட்டும் தெரிந்திருந்தது.

இங்கே ஒன்றைக் கவனமாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் உங்களுக்குக் கெடுதல் செய்தவனாவேன். எல்லா மறைவும் ஒன்று இல்லை. சாதி மாறிக் காதலித்ததற்காகப் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டவர்கள் இந்த மாநிலத்தில் இருக்கிறார்கள். 2016-இல் உடுமலைப்பேட்டைக் கடைத்தெருவில் நடந்த அப்படிப்பட்ட கொலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். உயிருக்குப் பயந்து தன் காதலை மறைக்கிற பெண்ணைப் பார்த்து "நீ ஏன் வெளிப்படையாகச் சொல்லவில்லை" என்று கேட்கிற உரிமை எனக்கு இல்லை. அவள் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காக மறைக்கிறாள். ஓஹாயில் மறைக்கப்பட்டது உயிருக்காக இல்லை. பெயருக்காக. தூயவர் என்று உலகம் நம்பும் ஒருவருடைய உருவத்துக்காக. அந்த உருவத்தைச் சங்கத்தோடு சேர்த்து 1929-இலேயே கலைத்தோம் என்று அவர் நினைத்திருக்கலாம். சங்கம் கலைந்தது. உருவம் கலையவில்லை, அதைச் சுமந்தவர் ரோசலிண்ட்.

அதே சபையில் வேறொரு திருமணம் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். மதுரையில் பிறந்த பதினாறு வயது ருக்மிணியும், அவரைவிட இருபத்தைந்து வயது மூத்த வெள்ளைக்காரர் ஜார்ஜ் அருண்டேலும் 1920-இல் திருமணம் செய்துகொண்டார்கள். சென்னை கொந்தளித்தது. பம்பாய்க்குப் போய்ப் பதிவு செய்தார்கள். அந்த வயது வித்தியாசம் எனக்கு உறுத்துகிறது, மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் அவர்கள் பகலில், பெயர் போட்டு, ஊர் திட்டுவதைத் தாங்கிக்கொண்டு செய்தார்கள். ருக்மிணி தேவி பின்னர் 1936-இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். ஊர் என்ன சொல்லும் என்ற பயத்தைக் கடந்தவருக்கு, பரத நாட்டியம் ஆடினால் ஊர் என்ன சொல்லும் என்பதையும் கடக்க முடிந்தது.

ஓஹாய் வீட்டுக்குத் திரும்புகிறேன். 1947-க்குப் பிறகு கிருஷ்ணமூர்த்தி இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் புபுல் ஜெயகரும் அவர் தங்கை நந்தினி மேத்தாவும் அவருக்கு நெருங்கினார்கள். நந்தினி கணவரை விட்டுப் பிரிய வழக்குப் போட்டபோது, கிருஷ்ணமூர்த்தியின் பேச்சு மனைவியைக் கெடுத்துவிட்டது என்ற வாதமும் நீதிமன்றத்துக்கு வந்தது. வழக்கில் நந்தினி தோற்றார், பிள்ளைகளையும் இழந்தார். பிறகு பம்பாயின் ஏழைக் குழந்தைகளுக்கென்று ஒரு பள்ளியை நடத்தினார். அந்த நட்பு எந்த வகையானது என்ற சந்தேகம் ஓஹாயில் ரோசலிண்டை வாட்டியது. யாரிடமும் சொல்லாத உறவில் இருக்கிறவளுக்குப் பொறாமைப்படக்கூட உரிமை இல்லை பாருங்கள். மனைவி என்றால் கேட்கலாம். காதலி என்று ஊரறிந்தால் தோழிகளிடமாவது அழலாம். ரோசலிண்டுக்கு இரண்டும் இல்லை.

கிருஷ்ணமூர்த்திக்கும் ராஜகோபாலுக்கும் நடுவே கசப்பு முற்றியது. அது வெளியே வந்தபோது காதல் என்ற பெயரில் வரவில்லை, பணம், பதிப்புரிமை, சொத்து என்ற பெயர்களில் வந்தது. 1968-இல் கிருஷ்ணமூர்த்தி ராஜகோபாலோடு உறவை முறித்துப் புது அறக்கட்டளை அமைத்தார். கலிஃபோர்னியாவில் வழக்குகள் தொடங்கின. 1974-இல் சமரசம் வந்த பிறகும் மீண்டும் மூண்டன. நாற்பது ஆண்டு நண்பர்கள் வழக்கறிஞர்கள் மூலமாகப் பேசிக்கொண்டார்கள். நகரத்து நண்பர் கூட்டங்களில் பணத் தகராறாகவும் வேலைத் தகராறாகவும் தெரிகிற பலவற்றுக்கு அடியில் இப்படி ஒன்று கிடக்கும் என்பதை உங்களில் சென்னையில் பழகுகிறவர்கள் கண்டிருப்பீர்கள்.

கிருஷ்ணமூர்த்தி 1986 ஜனவரி 4-ஆம் தேதி சென்னை வசந்த விஹாரில் தம் கடைசிச் சொற்பொழிவை ஆற்றினார். பிப்ரவரி 17-இல் ஓஹாயில் இறந்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 1991-இல், ராதா ராஜகோபால் ஸ்லாஸ் என்ற அந்த மகள் முழுக் கதையையும் புத்தகமாக எழுதினாள். தாயும் தகப்பனும் அப்போது உயிரோடு இருந்தார்கள். கிருஷ்ணமூர்த்தியின் அன்பர்கள் பலர் கோபப்பட்டார்கள், அவதூறு என்றார்கள். நித்யாவைக் காதலித்த அதே மேரி லட்யென்ஸ் 1996-இல் ஒரு மறுப்பு நூல் எழுதினார். அதிலும் உறவு இருந்தது என்பதை அவர் மறுக்கவில்லை. ராதா சொன்ன விளக்கங்களையும், ராஜகோபாலின் பக்க நியாயத்தையும்தான் மறுத்தார்.

ராதாவைச் சிலர் பழிவாங்கும் மகள் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. புத்தகத்தின் முற்பகுதியில் கிருஷ்ணமூர்த்தியைப் பற்றி அவள் எழுதியிருக்கும் பக்கங்களில் ஒரு குழந்தை தன் தகப்பனைப் போன்றவரை எவ்வளவு நேசித்திருக்கிறது என்பது தெரிகிறது. அவள் கோபம் அவர் தன் தாயை விரும்பியதால் வந்தது இல்லை. பிரிவு வந்தபோது அந்தப் பெரிய மனிதரின் உலகம் தன் தாயையும் தகப்பனையும் சொத்தைப் பிடித்துவைத்த வில்லன்களாகக் காட்டியதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அந்த இடத்தில் அவள் உண்மையைச் சொல்லாமல் இருந்தால், இருபத்தைந்து ஆண்டுகள் ஒருவருக்காகச் சமைத்து, நோயில் பார்த்து, காதலித்த ஒரு பெண், வரலாற்றில் வெறும் முன்னாள் நிர்வாகியின் மனைவியாக மட்டும் நின்றிருப்பாள்.

நகரத்தில் பழகும் தங்கைகளுக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நீங்கள் விரும்புகிறவர் எவ்வளவு படித்தவராக, எவ்வளவு பெரிய கருத்துகளைப் பேசுகிறவராக இருந்தாலும், உங்களைத் தன் நண்பர்கள் முன்னால் பெயர் சொல்லி அறிமுகம் செய்யத் தயங்கினால், ஏன் என்று கேளுங்கள். உயிர்ப் பயம் என்றால் சேர்ந்து வழி தேடுங்கள். "மற்றவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்" என்றால், அந்த விலையை நீங்கள் ஒருவரே கட்ட வேண்டியதில்லை. தம்பிகளுக்கும் இதே வார்த்தைதான். நண்பனோடு வாழ்கிறவளை மனது விரும்பிவிட்டால், அவளும் விரும்பினால், முதலில் தெரிய வேண்டியவன் அந்த நண்பன். அவன் கத்துவான், அடிக்கக்கூட வருவான், நட்பு போகலாம். போகட்டும். நாற்பது ஆண்டு கழித்து நீதிமன்றத்தில் போவதைவிட அன்றே போவது அவனுக்குச் செய்யும் மரியாதை.

இந்தப் புத்தகங்களைப் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ராதாவின் நூலை மட்டும் படித்துவிட்டுக் கிருஷ்ணமூர்த்தியைக் கீழே போடாதீர்கள், அவருடைய நூல்களை மட்டும் படித்துவிட்டு ராதாவைப் பொய்க்காரி என்று சொல்லாதீர்கள். மேரி லட்யென்ஸின் மறுப்பையும் சேர்த்து வைத்துக்கொண்டு படியுங்கள். என் தீர்ப்பு தவறென்று பட்டால் அதை இங்கேயே சொல்லலாம். இனி நீங்கள் பேசுங்கள், பெண்கள் முதலில்.